விழுந்தேன் என்று சொல்லாதவன்

எங்கள் ஊர்க் கல்லூரி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத அந்த 1894-ஆம் வருடம், மூன்றாவது ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை அவர்களுக்காகப் பந்தைச் சுமந்து ஓடியவன் செத்துப்போன ஆள். பெயர் இட்ரிஸ் பெவன். வயது இருபத்திரண்டு. சிலேட்டுக் குவாரியில் கல் பிளப்பவன். இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் பென்கார்த்தில் உருளைக்கிழங்கு மலிவாக இருந்தது, குவாரியின் பெரிய குழியில் தண்ணீர் ஏறியிருந்தது, தாக்ஸ்டர் கல்லூரி அணியில் ஒரு பிணம் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றையும் ஊர் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டது. ஒருத்திக்கு மட்டும்தான் அதில் கோபம் வந்தது. மற்றவர்களுக்கு அடுத்த சனிக்கிழமை உட்கார இடம் கிடைக்குமா என்பதே கவலை.

அந்தக் காலத்து அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் பற்றி இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். தலைக்கவசம் கிடையாது. கோடை முழுக்க முடி வெட்டாமல் வளர்த்துக்கொள்வார்கள், அதுதான் கவசம். பந்தைக் கக்கத்தில் இடுக்கியவனை நடுவில் வைத்து, மற்றப் பத்துப் பேரும் ஆப்பு வடிவத்தில் நெருங்கிக் கூடி, எதிரணிமேல் முழு வேகத்தில் மோதுவார்கள். பந்துக்காரனின் கால்சட்டையில் இடுப்புக்கு இருபுறமும் தோல்பிடிகள் தைத்திருக்கும், டிரங்குப் பெட்டிக்கு வைப்பதுபோல. அவன் எங்காவது மாட்டிக்கொண்டால் கூட்டாளிகள் அந்தப் பிடிகளைப் பற்றி இழுப்பார்கள், தூக்குவார்கள், சில சமயம் எதிராளிகளின் தலைக்கு மேலாக வீசியும் எறிவார்கள். இதற்கெல்லாம் ஒரே ஒரு முடிவுதான் உண்டு. பந்துக்காரன் தரையில் விழுந்து, தன் வாயாலேயே "விழுந்தேன்" என்று சொல்லவேண்டும். சொன்னால் நடுவர் விசில் ஊதுவார், மேலே கிடப்பவர்கள் எழுந்திருப்பார்கள். சொல்லாதவரை ஆட்டம் நடப்பதாகவே அர்த்தம். அவனை மிதிக்கலாம், இழுக்கலாம், கழுத்தைத் திருகலாம். அவனுக்காக வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது. நாலு பெரிய ஊர்களின் படித்த மனிதர்கள் மேசை போட்டு உட்கார்ந்து எழுதிய விதி அது. அவர்களில் ஒருவருக்காவது கழுத்து இருந்ததா என்று தெரியவில்லை.

இட்ரிஸைக் கண்டுபிடித்தவன் ப்ரெஸ்காட் வேல். அணித் தலைவன், குவாரி முதலாளியின் மகன். அப்போதெல்லாம் தலைவன்தான் பயிற்சியாளர், அவன் வைத்ததுதான் சட்டம். இரண்டு ஆள் தூக்கும் பாறைத்துண்டை ஒற்றை ஆளாகத் தோளில் வைத்துக்கொண்டு குழியிலிருந்து ஏறி வந்தவனைப் பார்த்ததும், அந்த வாரமே கல்லூரியில் சேர்த்துவிட்டான். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தவர்களின் தேவாலயத்தில் இட்ரிஸ் கீழ்க்குரலில் பாடுவான், ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பார்கள். அதனால் சங்கீத மாணவன் என்று பதிந்துகொண்டார்கள். வகுப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் காட்டவில்லை. அவனை வளர்த்தவள் அக்கா நெஸ்டா. அப்பாவைக் குவாரி தின்ற பிறகு, சேணம் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து தம்பியை ஆளாக்கியவள். கல்லூரி அணிக்குத் தோல்பிடி வைக்கும் வேலை அந்தக் கடைக்கு வந்தபோது, அவள் கைக்குத்தான் வந்தது. குதிரை இழுத்தாலும் பிரியக்கூடாது என்று வேல் சொல்லி அனுப்பியிருந்தான். மெழுகு பூசிய நூலில் இரட்டைத் தையல் போட்டு, இடுப்பின் ஒவ்வொரு பக்கமும் இரண்டாக நான்கு பிடிகளை அவள் வைத்துக் கொடுத்தாள்.

கால்சட்டையை மாட்டிப் பார்த்த இட்ரிஸ் கண்ணாடிமுன் திரும்பித் திரும்பி நின்றான்.

"ஏன் நெஸ்டா, இத்தனை பிடி வச்சிருக்கியே, ஆட்டம் முடிஞ்சதும் என்னை எந்த ஆணில மாட்டப் போறாங்க?"

"உன் கனத்துக்கு ஆணி தாங்காது. மரத்துலதான் மாட்டணும். நேரா நில்லு, பின்னாடி ஒண்ணு சாஞ்சிருக்கு."

மூன்றாவது ஆட்டம் பக்கத்து மாவட்டத்துக் கல்லூரியோடு, மழையில். இரண்டாம் பாதியில் ஆப்பு மோதியது. இரண்டு அணியும் சேறும் ஒன்றாகக் குவிந்து, அடியில் இட்ரிஸ் கிடந்தான். சிலேட்டை உளி பிளக்கும்போது ஒரு சத்தம் வரும். குவாரி ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். அந்தச் சத்தம் குவியலின் அடியிலிருந்து வந்தது. ஒவ்வொருவராக எழுந்து விலகினார்கள். இட்ரிஸின் நெஞ்சு வானத்தைப் பார்த்துக் கிடந்தது, முகம் சேற்றுக்குள் இருந்தது. நடுவராக வந்திருந்தவர் ஓர் அல்ஜீப்ரா வாத்தியார். அவர் குனிந்து, "சொல்லுப்பா, சொன்னாத்தான் நான் ஊத முடியும்" என்றார். காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, "இன்னும் சொல்லலை. ஆட்டம் நடக்குது" என்றார். வேல் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பிடியைப் பற்றித் தூக்கி நிறுத்தினான். பந்து கக்கத்திலேயே இருந்தது. இட்ரிஸ் ஓடினான். முகம் ஒரு பக்கமும் கால்கள் ஒரு பக்கமுமாக, கோடு தாண்டி, வேலி தட்டும்வரை ஓடினான். மூன்று பேர் சேர்ந்து அவன் கையைப் பிரித்துப் பந்தை எடுத்துத் தரையில் வைத்துப் புள்ளி வாங்கிக்கொண்டார்கள். பந்து போனதும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான். பந்தைக் கொடுத்தால் மறுபடி ஓடினான். ஊர் மொத்தமும் தொப்பியை வீசிக் கூத்தாடியது. நெஸ்டா மட்டும் எல்லைக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "செத்துட்டான், என் தம்பி செத்துட்டான், விடுங்கடா" என்று கத்தினாள். இரண்டு பேர் அவளை மரியாதையாகக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

கல்லூரி வைத்தியர் வந்து பார்த்தார். நாடி இல்லை, மூச்சு இல்லை, உடம்பு குவாரித் தண்ணீர்போல் சில்லிட்டிருந்தது. கழுத்துச் சுளுக்கு, வார நாட்களில் ஓய்வு தேவை, சனிக்கிழமைகளில் விளையாடலாம் என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். நெஸ்டா போதகரிடம் போனாள். இட்ரிஸின் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்ட மனிதர் அவர். "நிக்கிறவனை எப்படிம்மா புதைக்கிறது? படுக்கட்டும், நானே வந்து செய்யறேன்" என்றார். வைத்தியர் சொன்னால் புதைக்கலாம் என்றார் போதகர். புதைத்துவிட்டால் இறந்தான் என்று சொல்லலாம் என்றார் வைத்தியர். இந்தப் பித்தலாட்டத்துக்கு நடுவில் இட்ரிஸைக் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில், பாய்களுக்கும் மரக் கட்டைகளுக்கும் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். படுக்க வைத்தால் வாய் திறந்து சொல்லிவிடுவானோ என்று பயந்து, பிடிகளில் கயிறு கோத்துக் கூரை உத்தரத்தில் கட்டியிருந்தார்கள். அவன் வேடிக்கையாகக் கேட்டதை அப்படியே செய்துவிட்டார்கள்.

நெஸ்டா கல்லூரித் தலைவர் டாக்டர் லதமைப் போய்ப் பார்த்தாள். அவர் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"என் தம்பியைக் குடுத்துடுங்க சார். நான் புதைக்கணும்."

"சனிக்கிழமை அறுபது கெஜம் ஓடினானேம்மா. நானே பார்த்தேன்."

"ஓட வச்சீங்க."

"இந்தக் கல்லூரியில யாரும் யாரையும் கட்டாயப்படுத்துறது இல்லை. போதும்னு நினைச்சா அவனே சொல்லலாமே. ஒரு வார்த்தைதானே."

"கழுத்து ஒடிஞ்சவன் எப்படி சார் சொல்லுவான்?"

"அப்ப அவன் சொல்லலைன்னுதானே ஆகுது" என்றார் லதம், சந்தோஷத்தோடு. கணக்குச் சரியாக வந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

"உங்க பிள்ளை கழுத்தா இருந்தாலும் இப்படித்தான் பேசுவீங்களா?"

அவர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதாம்.

இப்படியாக அக்டோபர் போனது. தாக்ஸ்டர் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. ஜெயிக்காமல் என்ன? விழுந்தேன் என்று சொல்லவே சொல்லாத ஒருவனை யார் நிறுத்த முடியும்? முட்டி தரையில் படுவதற்குள் கூட்டாளிகள் பிடியைப் பற்றி நிமிர்த்திவிடுவார்கள். அவனைக் கட்டிப் பிடித்தவர்களுக்குக் கை விறைத்தது. இரண்டு பேருக்குக் கோடை வரைக்கும் இருமல் நிற்கவில்லை. எதிரணிகள் புகார் செய்தன, செத்தவன் ஆடுகிறான் என்று அல்ல, அவன் சரியான மாணவன்தானா என்று. சங்கீத வகுப்பில் பெயர் இருக்கிறது என்று லதம் எழுதி அனுப்பியதும் அடங்கிவிட்டார்கள். நவம்பரில் இட்ரிஸின் நிறம் சிலேட்டு நிறமாகியது. இடது கையில் சுண்டுவிரல் ஓர் ஆட்டத்தில் கழன்று விழுந்தது. அதை வேல் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டான், ராசி என்று. ஆட்டத்துக்கு முன்னால் அவனுக்கு முடி சீவி, முகத்தை முடிந்தமட்டும் முன்பக்கம் திருப்பி, லாவெண்டர் தண்ணீர் தெளிப்பார்கள். வெளியூரிலிருந்து சிறப்பு ரயில்கள் வந்தன. சீமாட்டிகள் பைனாகுலர் கொண்டுவந்தார்கள். மேட்டுத்தெரு பேக்கரியில் பந்து வடிவத்தில் ரொட்டி போட்டார்கள், அதை இட்ரிஸ் ரொட்டி என்று கேட்டு வாங்கித் தின்றது இந்த ஊர். தொண்டையில் எப்படி இறங்கியதோ.

நெஸ்டா தினமும் மத்தியான இடைவேளையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவாள். முதல் முறை கத்தரிக்கோலோடு போய்க் கயிற்றை அறுக்கப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டு, அதன்பிறகு வாசலில் ஆள் வைத்து அவள் பையைத் துழாவித்தான் உள்ளே விட்டார்கள். அவள் தம்பியின் எதிரில் நின்று, தேவாலயத்தில் பாடும் பாட்டில் மேல்குரல் பகுதியைப் பாடிவிட்டு, அவன் சேரவேண்டிய இடத்தில் நிறுத்திக் காத்திருப்பாள். அவன் உதடு அசையும். சத்தம் வராது. "ஒரு வார்த்தைடா. ஒரே வார்த்தை. சொல்லிட்டா உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்பாள். உதடு அசையும். வாரக்கணக்கில் இப்படிக் கெஞ்சிய பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. அவனுக்குக் கழுத்து ஒடிந்தது காரணமில்லை. அவன் பொய் சொல்லாதவன். நிற்கிற மனிதன் விழுந்தேன் என்று எப்படிச் சொல்லுவான்? அன்று தூக்கி நிறுத்திய பிறகு இவர்கள் அவனை விழவே விடவில்லை. விழவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அவள் போட்ட தையல். அன்றைக்கு அவள் அழவில்லை. நேரே வேலிடம் போனாள்.

"அந்தப் பிடியை மட்டும் கழட்டிடு. வேற எதுவும் உன்கிட்ட கேக்கலை."

"சீசன் முடியட்டும் நெஸ்டா. இன்னும் ஒரே ஆட்டம்தான்."

"முடிஞ்சதும் குடுத்துடுவியா?"

வேல் தலையைச் சொறிந்தான். கெட்டவன் போலப் பேசத் தெரியாத பையன் அவன், அதுதான் வயிற்றெரிச்சல்.

"அடுத்த வருஷமும் இருக்கே. அவனுக்கென்ன, வயசா ஆகப்போகுது? எங்க எல்லாரையும்விட அவன்தான் நல்லா இருக்கான். வலி இல்லை, பரீட்சை இல்லை. நீயே நினைச்சுப் பாரு, குவாரியில கிடந்திருந்தா இவன் பேரு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் நெஸ்டா.

கடைசி ஆட்டம் நவம்பர் மாதம் நன்றி தெரிவிக்கும் நாளில், நகரத்துப் பெரிய அணியோடு. காலையில் எல்லா வீட்டிலும் வான்கோழியை அடுப்பில் வைத்துவிட்டு மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். நகரத்து அணி புத்திசாலி அணி. இட்ரிஸைக் கீழே தள்ளிப் பிரயோஜனமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தள்ளவில்லை, அணைத்துப் பிடித்தார்கள். பொழுது சாயும் நேரம்வரை இரு பக்கமும் புள்ளி இல்லை. கடைசியில் எங்கள் அணி கோட்டுக்கு ஒரு கெஜம் தூரத்துக்கு அவனைக் கொண்டுவந்துவிட்டது. அங்கே நகரத்து அணி பதினொரு பேரும் முன்பக்கம் கட்டிக்கொண்டு பின்னால் தள்ள, எங்கள் அணியின் பத்துப் பேரும் பிடிகளைப் பற்றி முன்னால் இழுக்க, நடுவில் இட்ரிஸ் ஒரு பக்கமும் போகாமல் நிமிர்ந்து நின்றான். தலை தோளில் சாய்ந்திருந்தது. தையல் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பத்தாயிரம் பேர் எழுந்து நின்று "இழு, இழு" என்று கத்தினார்கள். டாக்டர் லதமும் கத்தினார். போதகரும் கத்தினார்.

நெஸ்டா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். ஓடவில்லை. கடைத்தெருவுக்குப் போகிறவள்போல் நடந்தாள். கையில் சேணக் கடையின் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. போலீஸ்காரர் பார்த்துவிட்டு, கால்சட்டை கிழிந்துவிட்டது போலிருக்கிறது, தைக்க வருகிறாள் என்று வழிவிட்டார். நடுவர், அதே அல்ஜீப்ரா வாத்தியார், அவளைப் பார்த்ததும் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஆட்டக்காரன் குத்தக்கூடாது, கடிக்கக்கூடாது என்று இருந்தது. ஒருத்தி வந்து வெட்டக்கூடாது என்று எங்கும் இல்லை. நல்ல மனிதர்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை.

"இதைப் பத்தி ஒண்ணும் போடலையே" என்றார் அவர். "ஆட்டம் நடக்குது."

"என்ன பண்ற நெஸ்டா? தள்ளு" என்றான் வேல், பிடியை விடாமல், மூச்சு வாங்க. "ஒரு கெஜம்தான். ஒரே ஒரு கெஜம்."

"நான் தைச்சது" என்றாள் நெஸ்டா. "தள்ள வேண்டியது நீதான்."

முதல் பிடியை வெட்டியதும் வேல் பின்னால் போய் மல்லாக்க விழுந்தான், கையில் தோல்துண்டோடு. இரண்டாவதற்கு இன்னும் இரண்டு பேர் போனார்கள். மூன்றாவது, நான்காவது. இழுக்க ஒன்றுமில்லாமல் எங்கள் அணி சேற்றில் கிடந்தது. நகரத்து அணிக்கு என்ன தோன்றியதோ, அவர்களும் கையை எடுத்துவிட்டார்கள். இட்ரிஸ் கொஞ்ச நேரம் தானாக நின்றான். பிறகு முட்டி மடிந்தது. நெஸ்டா மடியில் வாங்கிக்கொள்ளவில்லை, விலகி நின்று முழுசாக விழவிட்டாள். அப்புறம்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பினாள்.

"இப்ப சொல்லுடா" என்றாள்.

"விழுந்தேன்" என்றான் இட்ரிஸ் பெவன்.

பாடும்போது வரும் அந்தக் கீழ்க்குரல்தான். சத்தமாகவே சொல்லவில்லை. ஆனால் நின்றிருந்தவர்கள் எல்லாரும் விழுந்தார்கள். பத்தாயிரம் பேரும், பெஞ்சுகளிலும் படிகளிலும், தொப்பியும் பைனாகுலரும் உருள விழுந்தார்கள். வண்டிக் குதிரைகள் முன்னங்கால் மடித்து உட்கார்ந்தன. டாக்டர் லதம் மூக்கில் அடிபட விழுந்தார், அந்த மூக்கு கடைசிவரை நேராகவில்லை. ஊரில் அடுப்பில் இருந்த வான்கோழிகள் எல்லாம் தட்டோடு தரைக்கு வந்திருந்ததை வீட்டுக்குப் போனபின்தான் பார்த்தார்கள். விழாமல் உட்கார்ந்திருந்தவள் நெஸ்டா ஒருத்தி. நடுவர் படுத்த வாக்கில் விசில் ஊதினார். புள்ளியில்லாமல் ஆட்டம் சமனில் முடிந்தது.

சமன் என்றால் தோல்வி இல்லையே. ஆகவே அது தோல்வியே இல்லாத சீசன்தான் என்று மறுவாரமே கல்லூரி விருந்து வைத்தது. நூலக வாசலில் பித்தளைத் தகடு ஒன்று பதித்தார்கள், இப்போதும் பளபளப்பாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அதில் பதினொரு பெயர் இருக்கிறது. இட்ரிஸ் பெயர் இல்லை. சங்கீத வகுப்புக்கு ஒருநாளும் வராததால் அவன் மாணவனே அல்ல என்று லதம் முடிவு செய்துவிட்டார். அவன் இடத்தில் பெஞ்சில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த ஒருவனின் பெயர் இருக்கிறது. வேல் பிறகு அப்பாவின் குவாரியை நடத்தினான். வைத்தியர் வைத்தியம் பார்த்தார். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

இட்ரிஸை அங்கிருந்து எடுக்க முடியவில்லை. பன்னிரண்டு பேர் தூக்கிப் பார்த்தார்கள், குவாரிக் குதிரைகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். பிடித்துத் தூக்க அவன்மேல் ஒரு பிடியும் இல்லை. கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால், விழுந்த இடத்திலேயே குழி வெட்டினார்கள். போதகர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்திருந்தார். நெஸ்டா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பாட்டின் மேல்குரலையும் கீழ்க்குரலையும் தானே பாடினாள்.

மைதானத்தைக் கல்லூரி மாற்றவில்லை. வேறு சமதளம் இந்த மலையூரில் எங்கே இருக்கிறது? விதிகள் பிறகு மாறின. பிடிகள் போயின, தலைக்கவசம் வந்தது, இப்போதெல்லாம் யாரும் வாயால் சொல்லவேண்டியதில்லை. ஆனால் வடக்குக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் பந்தோடு வருகிறவன், எங்கள் பையனானாலும் சரி வெளியூர்ப் பையனானாலும் சரி, அங்கே முட்டி போட்டுப் பந்தைக் கீழே வைத்து, தன் குரலில் இல்லாத ஒரு கீழ்க்குரலில் "விழுந்தேன்" என்கிறான். அந்தக் கோட்டில் இன்றுவரை யாரும் புள்ளி எடுத்ததில்லை. வரும் அணிகளுக்குக் குடிதண்ணீர் எங்கே, உடை மாற்றும் அறை எங்கே என்று சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறார்கள். அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

நெஸ்டா பெவனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. சனிக்கிழமைகளில் வடக்குக் கோட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவாள். ஆட்டத்தைப் பார்க்கமாட்டாள், தோலில் ஏதாவது தைத்துக்கொண்டிருப்பாள். ஒரு பையன் அங்கே வந்து விழுந்து அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் ஊசியை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பாள்.

"கேட்டுடுச்சுடா. எழுந்து வீட்டுக்குப் போ" என்பாள்.

அவர்கள் எழுந்து போகிறார்கள்.